குறை சொல்லும் மேடை: சி.எம். பங்க்கின் மீள்வருகையும் தொழில்முறை மல்யுத்தத்தின் உழைப்பு உறவும்

2023 நவம்பர் 25 இரவு, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட் நகரின் ஆல்ஸ்டேட் அரங்கில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் 'சர்வைவர் சீரிஸ்' நிகழ்ச்சி முடிந்துவிட்டதென்று பார்வையாளர்கள் நினைத்த வேளையில் ஒரு நுழைவிசை ஒலித்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் அதே நிறுவனத்திலிருந்து கடும் மனக்கசப்போடு வெளியேறிய சி.எம். பங்க் மேடைக்கு வந்தார். 2014 ஜனவரியில் அவர் விலகிய நாளிலிருந்து 'பங்க் திரும்புவாரா' என்ற பேச்சு ரசிகர்களிடையே ஓயவே இல்லை; ஆட்டம் சலிப்புத் தட்டும்போதெல்லாம் அவர் பெயரைக் கோஷமாக எழுப்புவது அரங்க வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அவர் திரும்பியதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இரு தரப்பும் காலப்போக்கில் பக்குவப்பட்டுவிட்டார்கள் என்பது ஒன்று. காசு புரளும் இடத்தில் பகை நிலைக்காது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஆள் வந்தாரா என்பதோடு நின்றுவிடுகின்றன. பங்க் சும்மா போகவில்லை, சில புகார்களைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் புகார்கள் என்னவாயின? இத்தொழிலில் வீரரின் குறையைக் கேட்பதற்கு மேடையைத் தவிர வேறு இடம் அமையவில்லை. ஆகவே கதையாக்கத் தகுந்த குறைகளுக்கு மட்டுமே தீர்வு கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் தீர்க்கவேண்டியவை, ஆள் திரும்பும்போது சத்தமின்றிக் கைவிடப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தொழிலின் அமைப்பு. டபிள்யூ.டபிள்யூ.இ. தன் வீரர்களைப் பணியாளர்களாகக் கணக்கில் வைப்பதில்லை. சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் என்றே வகைப்படுத்துகிறது. அமெரிக்கச் சட்டத்தில் இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. ஒப்பந்ததாரருக்குத் தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டுப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பணியிட விபத்துக்கான இழப்பீட்டுக் காப்பீடும் முதலாளி வழியாக வரும் பொது மருத்துவக் காப்பீடும் வழக்கமாகக் கிடையா. களத்தில் படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது நிறுவனம் விரும்பிச் செய்யும் ஏற்பாடு. வீரர் உரிமையோடு கேட்டுப் பெறுவது அன்று. இன்னொரு பக்கம், எந்த ஊரில் எந்த நாள் ஆடுவது, யாரிடம் தோற்பது, எந்தப் பெயரில் தோன்றுவது என்பதையெல்லாம் நிறுவனமே முடிவு செய்கிறது. போட்டி நிறுவனத்தில் ஆடவும் தடை உண்டு. சுயேச்சை என்ற சொல்லுக்கு இங்கே என்ன மிச்சம் என்று கேட்டு 2008-இல் முன்னாள் வீரர்கள் மூவர் கனெக்டிகட்டில் வழக்குத் தொடுத்தார்கள், அது தள்ளுபடியானது. 2001 மார்ச்சில் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியபின், 2019-இல் ஏ.இ.டபிள்யூ. தோன்றும்வரை அமெரிக்காவில் பெரிய சம்பளம் தரக்கூடிய முதலாளி ஒருவரே. கோபித்துக்கொண்டு வெளியேறினால் அடுத்த வாசல் என்று ஒன்று இருக்கவில்லை. சங்கமும் இல்லை, மாற்று முதலாளியும் இல்லை என்ற நிலையில் வீரரின் கையில் மிஞ்சியது ஒலிவாங்கிதான்.

அந்த ஒலிவாங்கியை பங்க்கைப் போலப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 2011 ஜூன் 27, லாஸ் வேகஸில் நடந்த 'ரா' நிகழ்ச்சியின் முடிவில் அவர் நுழைவுமேடையின் விளிம்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசியது, ரசிகர் உலகில் 'பைப் பாம்' என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. அந்தப் பேச்சைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்பது பயனுள்ளது. நினைவுக் குவளைகளில் தன் முகம் இல்லை, நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் சுவரொட்டியில் தான் இல்லை என்று குறைப்படுகிறார். நிறுவனத் தலைவர் வின்ஸ் மெக்மான், அவர் மகள், மருமகன் என்று நிர்வாகக் குடும்பத்தை வெளிப்படையாக எள்ளுகிறார். நடுவே கேமராவை நோக்கி, நிறுவனம் விலக்கிவிட்ட தன் நண்பர் கோல்ட் கபானாவுக்குக் கை அசைக்கிறார். கடைசியில் ஒலிவாங்கி அணைக்கப்படுகிறது. அவருடைய ஒப்பந்தம் மூன்று வாரத்தில் முடியவிருந்தது என்பது நிஜம். பேசுவதற்கு அனுமதி தரப்பட்டிருந்தது என்பதும் நிஜம். ஒலிவாங்கி அணைந்தது உட்பட அனைத்தும் நிகழ்ச்சியின் பகுதியே. ஜூலை 17 அன்று சிகாகோவை ஒட்டிய அதே ரோஸ்மான்ட்டில் பட்டத்தை வென்று அதைக் கையில் ஏந்தியபடி கூட்டத்தின் ஊடாக 'வெளியேறினார்'. எட்டு நாளில் திரும்பியும் வந்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் பட்டம் வென்று 434 நாட்கள் அதை வைத்திருந்தார். குவளையில் முகம் இல்லை என்ற குறையைத் தீர்ப்பது எளிது. முகத்தை அச்சடித்தால் முடிந்தது, அதையும் விற்கலாம். 2011-இல் நடந்தது பின்னால் வரப்போகும் பெரிய மீள்வருகைக்கு ஒத்திகை என்றே சொல்லத் தோன்றுகிறது. நிறுவனத்தை எதிர்த்த குரலை நிறுவனமே விலைபோகும் சரக்காக்கிக்கொள்ள முடியும் என்பதை இரு தரப்பும் அப்போதே கண்டுகொண்டார்கள்.

2014-இல் சொல்லப்பட்டவை வேறு தரத்தவை. ஜனவரி 26 'ராயல் ரம்பிள்' ஆட்டத்துக்கு மறுநாள், அன்றைய நிகழ்ச்சியில் தோன்றாமல் பங்க் வீட்டுக்குப் போய்விட்டார். பணிநீக்கத் தாள்கள் ஜூன் 13 அன்று, தன் திருமண நாளில், வந்து சேர்ந்தன என்று பின்னர் சொன்னார். நவம்பரில் கபானாவின் வலையொலியில் மனம்விட்டுப் பேசினார். அங்கே அவர் அடுக்கிய குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ரெசில்மேனியாவின் கடைசி ஆட்டம், அதாவது முதன்மை ஆட்டம், தனக்கு ஒருமுறைகூடத் தரப்படவில்லை, ஆண்டு முழுதும் உழைப்பவரை ஒதுக்கிவிட்டு எப்போதாவது தலைகாட்டும் பழைய நட்சத்திரங்களுக்கு அது போகிறது என்பது முதல் வகை. இதில் நியாயம் உண்டு: 2012, 2013 இரு ஆண்டுகளிலும் அந்த இடம் தி ராக், ஜான் சீனா இருவரின் மோதலுக்கே போனது, 2012-இல் பட்டம் பங்க்கிடம்தான் இருந்தது. இரண்டாம் வகை உடலையும் ஊதியத்தையும் பற்றியது. முதுகில் எழுந்த கட்டிக்கு முறையான சிகிச்சை கிடைக்கவில்லை, தலையில் அடிபட்ட நிலையில் ஆட நேர்ந்தது என்றார். 2014 பிப்ரவரியில் தொடங்கவிருந்த சந்தா ஒளிபரப்புச் சேவை, தனிக் கட்டண நிகழ்ச்சிகளின் வருமானத்தை விழுங்கிவிட்டால், அந்த வருமானத்தில் வீரருக்கு வந்துகொண்டிருந்த பங்கு என்னவாகும் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றார். இந்தக் கடைசிக் கேள்வி பற்றி ரசிகர்கள் அதிகம் பேசவில்லை. அன்று பேசியவற்றில் கனமானது அதுதான் என்பது என் மதிப்பீடு. சில நாள் கழித்து வின்ஸ் மெக்மான் மன்னிப்புக் கேட்டார். தாள்கள் திருமண நாளில் போய்ச் சேர்ந்தது தற்செயல் என்று சொல்லிக் கேட்ட மன்னிப்பு அது. கேட்ட இடம், நிறுவனத்தின் அதே சந்தா சேவையில் ஸ்டீவ் ஆஸ்டின் நடத்திய நேர்காணல். ஊதியக் கேள்விக்கு மன்னிப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை.

புகார் மேடையைத் தாண்டி நீதிமன்றம் சென்றபோது என்ன நடந்தது என்பதும் வாதத்துக்கு முக்கியம். வலையொலியில் விமர்சிக்கப்பட்ட நிறுவன மருத்துவர் 2015-இல் பங்க் மீதும் கபானா மீதும் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 2018 ஜூனில் குக் கவுண்டி ஜூரி இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதை மிகைப்படுத்தக் கூடாது. அவதூறு என்று நிலைநாட்டப்படவில்லை என்பதே அதன் பொருள். சிகிச்சை பற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் அது சான்றிதழ் ஆகாது. ஆனாலும் ஒரு தனிமனிதரின் பேசும் உரிமை காக்கப்பட்டது. அதே 2018-இன் செப்டம்பரில், தலைக்காயங்களின் நீண்டகால விளைவை நிறுவனம் மறைத்தது என்று 50-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு கனெக்டிகட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காலவரம்பு கடந்துவிட்டது என்பது காரணங்களில் முதன்மையானது. பேசிய ஒருவர் தப்பினார். கேட்ட பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பேசியதற்கும் விலை இருந்தது. வழக்குச் செலவை யார் ஏற்பது என்பதில் பங்க்கும் கபானாவும் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். 2011-இல் கேமராவுக்குக் கை அசைத்துக் கொண்டாடப்பட்ட நட்பு அதோடு முறிந்தது. சங்கம் என்று ஒன்று இருந்து, சட்டச் செலவு அதன் பொறுப்பாக இருந்திருந்தால் இந்த முறிவு நேர்ந்திருக்குமா என்று யோசிப்பது வீண் கற்பனை ஆகாது.

இரண்டாவது முதலாளி வந்த பின்னும் நிலைமை மாறவில்லை என்பதற்கு ஏ.இ.டபிள்யூ. அனுபவமே சாட்சி. 2021 ஆகஸ்ட் 20 அன்று சிகாகோ யுனைடெட் சென்டரில் பங்க் அங்கே அறிமுகமானார். 2022 செப்டம்பர் 4, 'ஆல் அவுட்' முடிந்ததும் செய்தியாளர் சந்திப்பில், உரிமையாளர் டோனி கான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பேக்கரிப் பண்டத்தைக் கடித்துக்கொண்டே கபானாவையும் நிறுவனத்தின் துணைத்தலைவர்களையும் கடுமையாகச் சாடினார். அந்தத் துணைத்தலைவர்கள் களத்தில் இறங்கும் வீரர்களும்கூட. நிர்வாகியும் எதிராளியும் ஒருவரே என்றால் குறையை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றிரவே திரைக்குப் பின்னால் கைகலப்பு. 2023 ஆகஸ்ட் 27, லண்டன் வெம்ப்ளி அரங்கில் சக வீரர் ஜாக் பெரியோடு மீண்டும் கைகலப்பு. செப்டம்பர் 2 அன்று ஏ.இ.டபிள்யூ. அவரை நீக்கியது. கைநீட்டியதை நியாயப்படுத்த எதுவும் இல்லை. இங்கே கவனிக்கவேண்டியது அடுத்து நடந்தது. 2024 ஏப்ரலில் பங்க் ஒரு நேர்காணலில் தன் தரப்பைச் சொல்ல, ஏ.இ.டபிள்யூ. சில நாளில் வெம்ப்ளி கைகலப்பின் கண்காணிப்புக் கேமரா பதிவைத் தன் வாராந்தர நிகழ்ச்சியில் ஒளிபரப்பி, அதை வேறு இரு இரட்டையர் அணிகளின் மோதலுக்கு முன்கதையாக்கிக்கொண்டது. ஒழுங்கு நடவடிக்கைக்கான சாட்சியம் அப்படியே கதையின் சரக்கானது. மாற்று நிறுவனம் என்று வந்ததும் இதே பழக்கத்தைத்தான் கைக்கொண்டது.

டபிள்யூ.டபிள்யூ.இ.க்குத் திரும்பியபின் முதல் வகைக் குறைகள் எவ்வளவு முழுமையாகத் தீர்க்கப்பட்டன என்பது வியப்பூட்டும். 2023 தொடக்கத்தில் ஒரு நேர்காணலில் பங்க்கைப் புற்றுநோய் என்று ஏசிய வீரர் சேத் ராலின்ஸ், அவர் திரும்பிய இரவில் களத்தருகே நின்று ஆவேசமாகக் கத்தினார். அந்தப் பகை 2025 ஜனவரி 6, 'ரா' நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிய முதல் நாளின் முதன்மை ஆட்டமானது. 2025 ஏப்ரல் 19 அன்று லாஸ் வேகஸில் ரெசில்மேனியா 41-இன் முதல் இரவில் முதன்மை ஆட்டம் பங்க்குக்குக் கிடைத்தது. பத்தாண்டு ஏக்கம் நிறைவேறியது என்பதையே கதையின் உயிர்நாடியாக்கினார்கள். ஆகஸ்டில் 'சம்மர்ஸ்லாம்' பட்டம். சில நிமிடங்களில் ராலின்ஸ் அதைப் பறித்துக்கொண்டதும் கதைக்குத் தோதுதான். இரண்டாம் வகைக் குறைகளைத் தேடினால், வீரர்கள் இன்றும் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்தாம், சங்கம் இல்லை, ஒளிபரப்பு வருமானத்தில் வீரருக்கு இவ்வளவு பங்கு என்று வரையறுக்கும் கூட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் உடன்படிக்கையின் மதிப்போ பத்தாண்டுக்கு 500 கோடி டாலருக்கும் மேல். 2014-இல் அவர் எழுப்பிய ஊதியக் கேள்வி பல மடங்கு பெரிதாகி நிற்கிறது. கேட்டவர்தான் இன்று அந்த உடன்படிக்கையின் முகங்களில் ஒருவர். திரும்பியதற்கு அவர் தரப்பிலும் ஒரு விலை இருந்தது. சவூதி அரேபியாவில் நிறுவனம் நடத்தும் நிகழ்ச்சிகளைக் குத்திக்காட்டி 2020-இல் சமூக ஊடகத்தில் எழுதியிருந்தவர், 2025 ஜூனில் ரியாத்தில் ரசிகர்கள் முன்னிலையில் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கே ஆடினார்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, பார்வையாளர் விருப்பம் என்பது. பத்தாண்டு கோஷமிட்டவர்கள் கேட்டார்கள், நிறுவனம் கொடுத்தது; இதில் உழைப்பு உறவு எங்கே வந்தது? தேவை இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேவை, வருகையை விளக்குமே தவிர வருகையின் நிபந்தனைகளை விளக்காது. அந்தக் கோஷத்தில் ஒரு பெயர் மட்டுமே கேட்டது. அந்தப் பெயரோடு சேர்ந்த கோரிக்கைகளை யாரும் கோஷமிடவில்லை, கோஷமிடவும் இயலாது. காப்பீட்டையும் பங்கு விகிதத்தையும் தாளம் போட்டுச் சொல்ல முடியாதல்லவா? ஆகவே ரசிகர் அழுத்தம் என்பது, பேரம் பேசும் அமைப்புக்கு மாற்றாக நிற்கும்போது, எப்போதும் ஆளை நோக்கியே குவிகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: நிறுவனமே மாறிவிட்டது. படைப்புப் பொறுப்பு மெக்மானின் மருமகன் டிரிபிள் எச் வசம் வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் கலப்புத் தற்காப்புச் சண்டை நிறுவனமான யு.எஃப்.சி.யோடு இணைந்து டி.கே.ஓ. என்ற பெருநிறுவனம் உருவாகிவிட்டது. பயண நாட்களும் உள்ளூர் நிகழ்ச்சிகளும் முன்னைவிடக் குறைந்துவிட்டன. பத்தாண்டில் எல்லோரும் மாறுகிறோம் என்று டிரிபிள் எச், பங்க் திரும்பிய இரவில் செய்தியாளர்களிடம் சொன்னதன் சாரமும் இதுதான். இதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். பயணச் சுமை குறைந்தது வீரர்களின் உடலுக்கு நன்மை. ஆனால் அது குறைந்ததற்குக் காரணம், டிக்கெட் வசூலைவிட ஒளிபரப்பு உரிமைத் தொகை பல மடங்கு வளர்ந்து, சிற்றூர் நிகழ்ச்சிகள் இலாபக் கணக்கில் அற்பமானதே. கணக்கு மாறினால் சுமையும் திரும்பலாம். தடுக்க எந்த ஒப்பந்த விதியும் இல்லை. மெக்மான் போனதால்தான் பங்க் வந்தார் என்ற பரவலான நம்பிக்கையும் காலவரிசைக்கு ஒவ்வாது. பங்க் திரும்பிய நவம்பரில் மெக்மான் டி.கே.ஓ.வின் நிர்வாகத் தலைவராகவே இருந்தார். முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டோடு வழக்குத் தொடுத்தபின், 2024 ஜனவரியில்தான் விலகினார்.

பிரச்சினை பங்க்கின் குணம்தான், இரண்டு நிறுவனத்திலும் சண்டை போட்டவரை வைத்து அமைப்பைக் குறை சொல்வது சரியா என்றும் கேட்கலாம். அவர் குணம் சண்டைக்குக் காரணமாகலாம். சண்டை முடிந்த விதத்துக்குக் காரணமாகாது. மாறுபட்ட குணமுடைய மற்றவர்களுக்கும் இதே முடிவுதான் வாய்த்திருக்கிறது. 1997 நவம்பரில் மாண்ட்ரியாலில், ஒப்பந்தத்தில் தனக்கிருந்த உரிமையை மீறித் தன்னைத் தோற்கடித்தார்கள் என்று பிரெட் ஹார்ட் கொதித்தார். 2010-இல் திரும்பி, ரெசில்மேனியா 26-இல் மெக்மானை நாற்காலியால் அடித்து வென்றார். ஒப்பந்த மீறல் என்ற கேள்வி பழிதீர்க்கும் காட்சியாகி ஓய்ந்தது. அல்டிமேட் வாரியரை ஏளனம் செய்து 2005-இல் ஒரு முழு டி.வி.டி.யே வெளியிட்ட நிறுவனம், 2014 ஏப்ரலில் அவரைப் புகழரங்கில் ஏற்றியது. எல்லாவற்றிலும் தெளிவான சான்று ஜெசி வென்சுரா. 1986-இல், இரண்டாம் ரெசில்மேனியாவுக்கு முன், ஒப்பனை அறையில் சங்கம் அமைக்கச் சக வீரர்களைத் தூண்டியவர் அவர். அதை மெக்மானிடம் போய்ச் சொன்னது தானே என்று ஹல்க் ஹோகன் பின்னர் பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். வீடியோ ராயல்டிக்காக வென்சுரா வழக்காடி வென்றார். 1999-இல் மின்னசோட்டா ஆளுநராக இருந்தபடியே நடுவராக வந்தார், 2004-இல் புகழரங்கம் ஏறினார், 2024 டிசம்பரில் வர்ணனைக்கே திரும்பினார். வென்சுராவுக்குக் கதவு எத்தனை முறையும் திறந்தது; அவர் பேசிய சங்கத்துக்கு ஒருமுறையும் திறக்கவில்லை. இதற்காக வென்சுராவையோ பங்க்கையோ துரோகி என்பது அறமும் அன்று, ஆய்வும் அன்று. நாற்பதைக் கடந்த உடலோடு, கடைசிச் சில ஆண்டுகளின் சம்பாத்தியத்தை எங்கே ஈட்டுவது என்பது அவரவர் முடிவு. ஒரு தனி வீரர் எல்லோருக்காகவும் வெளியே நின்று காயவேண்டும் என்று எதிர்பார்ப்பதே, கூட்டு அமைப்பு இல்லாத தொழிலின் நோய்க்குறி.

அமைப்பு வேறாக இருந்தால் குறையும் வேறு வழியில் போகும் என்பதற்குச் சான்று அதே டி.கே.ஓ.வின் மறுபாதியில் இருக்கிறது. யு.எஃப்.சி. வீரர்களும் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்தாம், அவர்களுக்கும் சங்கம் இல்லை. ஆனால் அவர்கள் சண்டை நிஜமானது, அவர்கள் கோபத்தை எழுதித் தரும் கதாசிரியர் கிடையாது. முதலாளி சந்தையை ஒற்றைக் கையில் வைத்து ஊதியத்தை அமுக்கினார் என்று 2014 டிசம்பரில் அவர்களில் சிலர் போட்டியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டு இழுபறிக்குப்பின், 37.5 கோடி டாலர் சமரசத் தொகைக்கு 2025 பிப்ரவரியில் நெவாடா நீதிமன்றம் இறுதி ஒப்புதல் அளித்தது. அந்த வழக்கின் வரையறைக்குள் 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை அமெரிக்காவில் யு.எஃப்.சி. நடத்திய ஆட்டங்களில் இறங்கியவர்கள் வருகிறார்கள். டபிள்யூ.டபிள்யூ.இ.யைவிட்டு வெளியே இருந்த காலத்தில் பங்க்கும் அங்கே இறங்கியிருக்கிறார்: 2016 செப்டம்பர் 10, கிளீவ்லாந்து, மிக்கி காலிடம் முதல் சுற்றிலேயே 2 நிமிடம் 14 விநாடியில் தோல்வி. நூற்றுக்கணக்கான இரவுகள் ஆடிய மல்யுத்தத்தில் அவருக்கு வாய்க்காத கூட்டுப் பரிகாரத்தின் எல்லைக்குள், அந்த ஓர் இரவு வருகிறது.